அடிக்கதவு

என் மேசையில் ஒரு கவச வண்டியின் வெற்றுச் சட்டகம் இருக்கிறது. பீரங்கி இல்லை, சக்கரம் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக். கவிழ்த்துப் பார்த்தால் வயிற்றுப் பக்கம் ஒரு சின்னக் கதவு. நகத்தை விட்டு நெம்பினால் திறக்கும். நாவலூர் அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கையில் இருந்த அக்கா வரைந்து, முப்பரிமாண அச்சில் எடுத்துப் பார்த்த மாதிரி அது.

நாங்கள் உருவாக்கியது கணினியில் ஆடும் ஒரு போர் விளையாட்டு. செம்புழுதி பறக்கும் ஏதோ ஒரு கோளில் இரண்டு படைகள் மோதிக்கொள்ளும். ஆடுபவர் முதலில் ஒரு சட்டகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது தாங்கும் எடைக்குள்தான் பீரங்கியும் கவசமும் ஏற்ற முடியும். இருப்பதிலேயே கனமான சட்டகம் அக்காவின் பொறுப்பு. அவர் அந்த எடையில் ஒரு பங்கை அடிக்கதவுக்கு ஒதுக்கினார். வண்டி தீப்பிடித்தால் உள்ளே இருக்கும் மூன்று வீரர்களும் அதன் வழியே இறங்கிப் பிழைத்துக்கொள்ளலாம். மேலாளருக்கு அது பொறுக்கவில்லை.

“அந்தக் கதவ எடுத்துட்டா இன்னொரு கன் வைக்கலாம்மா. எவன் குனிஞ்சு வண்டிக்கு அடியில பாக்கப் போறான்?”

“உள்ள இருக்கறவன் பாப்பான் சார்.”

அறையே சிரித்தது. “அக்கா, அவனுக்கு பிஎஃப் எல்லாம் புடிக்கறாங்களா?” என்றான் ஒருவன். “உனக்கே ஒழுங்கா புடிக்கல, அவனுக்கு எங்கடா?” என்று அக்கா திருப்பிக் கொடுத்தார். கதவு நின்றது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். “பெரிய ஆபீஸ்னா எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கும்” என்பது என் அம்மாவின் நம்பிக்கை, எனக்கும் அதுவே. நான்காம் மாடியில் பின்படிக்கட்டுக் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்ததைக்கூட நான் ஒழுங்கு என்றே எடுத்துக்கொண்டேன். ஆட்கள் அடிக்கடி டீக்கடைக்கு நழுவுகிறார்களாம், அதற்குத்தான் பூட்டு. அக்கா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமைக் கூட்டம் முடியும்போது மேலாளர் வழக்கமாக “வேற ஏதாவது?” என்பார். “பின்படிக்கட்டு சாவி சார்” என்பார் அக்கா. அதற்கும் சிரிப்புதான்.

ஒரு மதியம் பேட்டரி அறையிலிருந்து புகை வந்தது. அந்த அறை முன்வாசலை ஒட்டியே இருந்தது. கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு முன்பக்கம் ஓடியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. பின்பக்கமிருந்து டங் டங் என்று சத்தம். அக்கா தீயணைப்பு உருளையைத் தூக்கிப் பூட்டின்மேல் அடித்துக்கொண்டிருந்தார். பூட்டு தெறித்தது. எங்களில் பாதிப்பேர் அந்த வழியாகத்தான் இறங்கினோம்.

மறுநாள் அந்தக் கதவில் முன்னதைவிடப் பெரிய பூட்டு தொங்கியது. அக்காவின் மின்னஞ்சலில் ஒரு விளக்கக் கடிதக் கோரிக்கை: அலுவலகச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலையைவிட்டு விலக வேண்டும். மணிக்கட்டு முறிந்தது சேதமில்லையாம். பூட்டு உடைந்தது சேதமாம்!

அன்று மாலை கம்பெனி வேன் எங்களைத் தாம்பரத்தில் இறக்கிவிட்டது. கூடுவாஞ்சேரி போகும் மின்ரயிலுக்காக அக்காவும் நானும் நடைமேடையில் நின்றோம்.

“வருத்தம்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்கக்கா. வேலை போயிடும்” என்றேன்.

“எதுக்குடா வருத்தப்படணும்? லேட்டா ஒடச்சதுக்கா?”

பையிலிருந்து இந்தச் சட்டகத்தை எடுத்து என் கையில் வைத்தார். “நீயே வெச்சுக்கோ. நான் போனதும் மொதல்ல இதோட கதவத்தான் அடைப்பானுங்க.”

அப்படியேதான் நடந்தது. அவர் விலகிய வாரமே அடிக்கதவை நீக்கி, அந்த எடைக்கு இன்னொரு பீரங்கியை ஏற்றினார்கள். விளையாட்டு வெளிவந்ததும் ஆடுபவர்கள் சும்மா இருக்கவில்லை. அரும்பாடுபட்டு வளர்த்த வீரர்கள் வண்டியோடு வெந்து போகிறார்களே, தப்பிக்க ஒரு வழி வைக்கக் கூடாதா என்று திட்டி எழுதினார்கள். நிர்வாகம் உடனே செவிசாய்த்தது. அக்காவின் கதவுக்கு ‘உயிர்காக்கும் வாசல்’ என்று பெயர் சூட்டி, தனி விலை போட்டு விற்கிறது. விற்பனை நன்றாகப் போகிறது என்று கேக் வெட்டினோம். வெட்டிய இடம், பூட்டிய பின்படிக்கட்டுக் கதவுக்கு நேர் எதிரில்.

இந்தத் திங்கட்கிழமையும் மேலாளர் “வேற ஏதாவது?” என்றார்.

“பின்படிக்கட்டு சாவி சார்” என்றேன். அக்கா போனதிலிருந்து வாராவாரம் நான்தான் கேட்கிறேன்.

“வந்துட்டாருப்பா அக்காவோட தம்பி” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

இருக்கைக்குத் திரும்பிச் சட்டகத்தைக் கவிழ்த்து, கதவை நகத்தால் நெம்பினேன். மூன்று பேர் இறங்கும் அளவுக்குத் திறந்தது. எங்கள் தளத்தில் அறுபது பேர் இருக்கிறோம்.