என்னப் பாத்துக்கினு வா

புத்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் மாஸ்டராக இருந்த சாந்தகுமார் வருஷத்தில் பதினோரு மாதம் வாத்தியார், மே மாதம் மட்டும் மீன். இதைச் சொன்னது அவருடைய மனைவி ஞானசௌந்தரி. அவள் சொன்னதில் தப்பில்லை. கோடை லீவு விட்ட மறுநாளே மனிதர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குத் தெற்கே இருந்த ஏரிக்குக் கிளம்பிவிடுவார். வெயில் உச்சிக்கு வரும்வரை தண்ணீரை விட்டு ஏறமாட்டார்.

அவர் சத்தியவேட்டுப் பக்கம் கிணறும் ஏரியுமாக வளர்ந்தவர். ஆறு வயதில் தண்ணீரில் இறங்கியவருக்கு, எந்தத் தண்ணீரும் தன்னை ஒன்றும் செய்யாது என்று ஒரு கர்வம் உண்டு. வேறு எதிலும் கர்வம் இல்லாத மனிதர். பாஸ்டர் முன்னால் உட்காரக்கூடக் கூசுவார். இந்த ஒரு கர்வத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

ஞானசௌந்தரி சித்தூர்ப் பெண். அப்பா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். அம்மா தபீதாள் அங்கே பெண் பிள்ளைகள் போர்டிங்கில் சமையல் செய்தாள். கோடையில் ஆளுக்கு ஒரு குடம் தண்ணீர் என்று அளந்து ஊற்றும் இடம் அது. அங்கே வளர்ந்தவளுக்குத் தண்ணீர் என்றால் குடத்தில் இருப்பது, அவ்வளவுதான். ஐம்பதாம் வருஷம் கல்யாணம் ஆகி, அடுத்த மே மாதம் அவர் அவளை ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு அவர் சட்டையைப் பிடித்த கையை விடமாட்டேன் என்றுவிட்டாள்.

வாத்தியார் மனைவி ஏரியில் நீச்சல் பழகுகிறாள் என்றால் சபையில் வாயை மூடிக்கொண்டிருப்பார்களா? அதற்காகவே இருவரும் விடிந்தும் விடியாததுமாகப் போவார்கள். அவள் திருப்பதிக்குப் போய்க் காடாத் துணி வாங்கி, காவி முக்கி, கழுத்து முதல் கணுக்கால் வரை ஓர் அங்கி தைத்துக்கொண்டாள். கொடியில் காய்ந்த அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டம்மாள், மாஸ்டர் வீட்டில் யாராவது சாமியாராகப் போகிறார்களா என்று கேட்டாள். ஞானசௌந்தரி சிரிப்பை அடக்க வீட்டுக்குள் ஓடினாள்.

முதுகில் இரண்டு சுரைக்குடுக்கையைக் கட்டி அவளைத் தண்ணீரில் விட்டுவிட்டு, அவர் மதகுப் படியில் போய் நின்றுகொள்வார்.

"தண்ணியப் பாக்காத, சௌந்தரி. தண்ணியப் பாத்தா பயம் வரும். என்னப் பாரு. என்னப் பாத்துக்கினு வா."

அவருடைய நீச்சல் பாடம் மொத்தமே இதுதான். ஆனால் பலித்தது. அவள் கண்ணை அவர் முகத்தில் வைத்துக்கொண்டு காலை உதைப்பாள், கரை வந்துவிடும். இரண்டாம் கோடையில் குடுக்கையைக் கழற்றிப் போட்டாள். பயம் வந்தாலும், தண்ணீர் மூக்கில் ஏறினாலும், அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்படியே வந்து சேர்ந்தும் விடுவாள். வந்து படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது, "எங்க ஆத்தா பாத்தா நெஞ்சு வெடிச்சிடும்" என்பாள். அந்த இரண்டு கோடைக்கு மேல் சந்தோஷம் சாந்தகுமாருக்கு வாழ்க்கையில் கிடைக்கவில்லை.

ஐம்பத்திரண்டில் மழை ஏமாற்றியது. அடுத்த மே மாதம் ஏரியில் மாடு மேய்ந்தது. தரையில் விட்ட மீன் மாதிரி மாஸ்டர் வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தார். பிறகு ஒருநாள், தடாவுக்குப் போகலாம் என்றார். அங்கே உபதேசியாராக இருந்த பிரகாசம் அவருக்குத் தெரிந்தவர். தடாவுக்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரி. அதை ஓடத்தில் தாண்டி மணலில் நடந்தால் கடல். அவள் கடலைப் பார்த்ததே இல்லை. அவரும் கடலில் நீந்தியதில்லை. அதை அவர் ஒரு குறையாக நினைக்கவில்லை.

பஸ்ஸில் வழி நெடுக ஆந்திரா பேச்சுதான். சித்தூர் யாருக்கு, நகரி யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறிச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

"இன்னாங்க, நாம எந்தப் பக்கம்?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"தண்ணி எந்தப் பக்கம் கீதோ அந்தப் பக்கம்."

மூன்று நாள் பழவேற்காட்டு ஏரியில் திளைத்தார்கள். இடுப்பளவுத் தண்ணீர், கண்ணுக்கெட்டிய தூரம் கரை தெரியாது. அவள் உள்ளங்கையில் அள்ளி நக்கிப் பார்த்து, சாம்பாருக்கு உப்பு போட வேண்டாம் என்றாள். காவி அங்கி காய்ந்ததும் உப்புப் பூத்து வெளுத்தது. நான்காம் நாள் புளிச்சோறு கட்டிக்கொண்டு கடலுக்குப் போனார்கள்.

அவள் ரொம்ப நேரம் அலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது ஏரி மாதிரி சும்மா இல்லியே" என்றாள்.

"உப்புத் தண்ணி இன்னும் நல்லா தூக்கும். ஏரியில இன்னா சொன்னனோ அதான் இங்கியும்."

இரண்டு பேரும் இறங்கினார்கள். பயம் தெளிய அரைமணி ஆயிற்று. அதற்கப்புறம் அவள் சிரித்த சிரிப்பில், கரையில் மீன் உலர்த்திக்கொண்டிருந்த கன்னியம்மாள் என்ற மீனவப் பெண் நிமிர்ந்து பார்த்துத் தானும் சிரித்தாள். பசி வந்து இவர் கரையேறினார். அவளும் கூடவே ஏறப் பார்த்தாள்.

"உனக்கு இன்னா அவசரம். அந்த அலை வரைக்கும் போய்ட்டு வா. நான் இங்கதான கீறேன்" என்று அவர்தான் சொன்னார்.

அவள் போனாள். போய்த் திரும்பினாள். திரும்பியவள் அழகாகக் கை வீசி நீந்தி வந்தாள். மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான், அவள் எவ்வளவு நீந்தினாலும் அங்கேயே இருக்கிறாள் என்பது கண்ணில் பட்டது. அவர் தண்ணீர் ஓரத்துக்கு ஓடி இரண்டு கையையும் தூக்கினார்.

"சௌந்தரி, என்னப் பாரு. என்னப் பாத்துக்கினு வா."

கன்னியம்மாள் மீனைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். வடக்கே கையை வீசி வீசிக் காட்டிக் கத்தினாள்.

"இப்பிடி வராத தாயி. பக்கவாட்டுல போ. பக்கவாட்டுல ஒதுங்கிப் போ."

அவள் குரல் எட்டியிருக்க வேண்டும். ஞானசௌந்தரியின் முகம் ஒருதரம் அந்தப் பக்கம் திரும்பியது. கன்னியம்மாள் கை காட்டிய திசையில் ஒரு வீச்சுகூட நீந்தினாள். அதைப் பார்த்து சாந்தகுமார் இன்னும் உரக்கக் கத்தினார். "அங்க பாக்காத. என்னப் பாரு." அவள் முகத்தை அவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு நேரே வந்தாள். வந்துகொண்டே இருந்தாள்.

அவர் பாய்ந்து இறங்கியபோது நேரம் கடந்துவிட்டது. அவரைக் கட்டுமரக்காரர்கள் மயிரைப் பிடித்துத் தூக்கிப் போட்டார்கள். அவளை மறுநாள் காலையில்தான் கடல் கொண்டுவந்து சேர்த்தது.

"கடலு வெளிய இழுக்கும்போது கரையப் பாத்து வரக்கூடாது சாமி" என்று கன்னியம்மாள் அவரிடம் சொன்னாள். திட்டவில்லை, அழுதுகொண்டே சொன்னாள். "கொஞ்சம் பக்கவாட்டுல ஒதுங்கிட்டா போதும். அப்பால அலையே கொண்டாந்து உட்டுடும். அந்தத் தாயிக்கு நல்லாத்தான் நீந்தத் தெரிஞ்சிது."

தடாவிலேயே அடக்கம் செய்தார்கள். சித்தூரிலிருந்து வந்து சேர்ந்த தபீதாள் குழி மேட்டில் சுருண்டு கிடந்தாள். உபதேசியார் பிரகாசம் நல்ல மனிதர், மாப்பிள்ளை மேல் பழி வந்துவிடக் கூடாது என்று நினைத்தார். நல்ல மனிதர்கள் சில சமயம் இப்படித்தான் காரியத்தைக் கெடுப்பார்கள்.

"மாஸ்டர் போகாதன்னுதாம்மா சொல்லியிருப்பாரு. வயசுப் பொண்ணு, விளையாட்டு புத்தி" என்றார்.

தபீதாள் தலையைத் தூக்கி மருமகனைப் பார்த்தாள். "அப்பிடியா நைனா? நீ சொல்லியும் கேக்காம போனாளா?"

'இல்லை' என்பது எவ்வளவு சின்ன வார்த்தை. பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவருக்கு அது வாயில் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாள் அதை ஆமென்று எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஆந்திர ராஜ்யம் வந்தது. சித்தூரும் புத்தூரும் அதில் சேர்ந்தன. சாந்தகுமார் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏரி நிரம்பிய வருஷங்களிலும் அந்தப் பக்கம் போகவில்லை. வீட்டுக் கொல்லையில் நாலு சொம்பு ஊற்றிக்கொள்வதோடு சரி.

தபீதாள் மகளுக்காக வருஷா வருஷம் போர்டிங் சாப்பாட்டுக் கூடத்தில் ஞாபகார்த்த ஜெபம் வைத்தாள். இறந்த தேதியில் வைக்கவில்லை. பிள்ளைகள் கோடை லீவுக்கு ஊருக்குப் போகிறதற்கு முந்தின நாள் வைத்தாள், அவர்கள் காதில் விழ வேண்டும் என்று. கடைசியில் எழுந்து நின்று சாட்சி சொல்லுவாள்.

"எம் பொண்ணு புருஷன் சொன்ன பேச்சக் கேக்கல. கேட்டிருந்தா இன்னிக்கி உசுரோட இருப்பா. நீங்க லீவுக்குப் போறீங்க. பெரியவங்க பேச்சக் கேளுங்க. அவள மாதிரி ஆவாதீங்க."

சாந்தகுமார் முன்வரிசையில் உட்கார்ந்து இதைக் கேட்பார். பிறகு தபீதாள் சமையற்கட்டில் அவருக்குத் தனியாக இலை போட்டு, அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றி, அவர் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"ஒன்ன இப்பிடி தனியா உட்டுட்டுப் போயிட்டா. நான் வளத்த வளப்பு சரியில்ல. அவளுக்காக நான் கேக்கறேன், மன்னிச்சிடு நைனா. துன்னு."

அவர் அந்தச் சோற்றைத் தின்பார். ஒரு வருஷம் அல்ல, ஆறு வருஷம். ஒவ்வொரு வருஷமும் இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்று பஸ் ஏறுவார். ஆனால் அவரை நைனா என்று கூப்பிட இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை. சொல்லாமல் திரும்பி வருவார். அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு. பரிதாபமும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை.

அறுபதாம் வருஷம் ஏப்ரலில் எல்லைத் தகராறு தீர்ந்தது. திருத்தணி மதராஸுக்குப் போயிற்று, புத்தூர் ஆந்திராவில் நின்றது. அவருக்குத் திருத்தணிப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கு மாற்றல் வந்தது. ஏழாவது ஞாபகார்த்த ஜெபத்துக்கு அவர் வந்தபோது தபீதாள் சமையற்கட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, டப்பாவிலிருந்து மடித்த காகிதம் ஒன்றும் பென்சிலும் எடுத்தாள்.

"இனிமே நீ வேற ராஜ்யம் ஆயிட்ட நைனா. வருவியோ வரமாட்டியோ. அவளுக்குக் கல்லு சொல்லிட்டேன். தலமாட்டுல வெக்கணும். உன் எழுத்து நல்லா இருக்கும், நீயே எழுதிக் குடு. அத அப்பிடியே வெட்டட்டும்."

"இன்னா எழுதணும் அத்த?"

"சாந்தகுமார் மனைவி ஞானசௌந்தரி. கீழ, கணவனால் மன்னிக்கப்பட்டவள். அத மட்டும் பாத்துட்டா எனக்குப் போதும்."

அவர் காகிதத்தை முழங்காலில் வைத்துக்கொண்டார். அவள் பெயரை எழுத ஆரம்பித்தார். 'ஞா' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. வாயைத் திறக்காமல் விட்ட பொய் இத்தனை வருஷம் எப்படியோ போயிற்று. அதைத் தன் கையெழுத்தில், கல்லில், அவள் தலைமாட்டில் வைப்பதா? பென்சிலைக் கீழே வைத்தார்.

"அத்த, அவ சொன்ன பேச்சக் கேட்டா."

தபீதாளுக்குப் புரியவில்லை.

"போன்னு சொன்னது நான். என்னப் பாத்துக்கினு வான்னு கத்துனதும் நான். அங்க ஒரு பொம்பள பக்கவாட்டுல போ, பக்கவாட்டுல போன்னு கை காட்டுனா. அப்பிடிப் போயிருந்தா பொழச்சிருப்பா. கொஞ்சம் போனா. நான்தான் அங்க பாக்காத, என்னப் பாருன்னேன். உடனே திரும்பிட்டா அத்த. கடைசி வரைக்கும் நான் சொன்னத மீறல."

அடுப்பில் உலை கொதித்து வழிந்தது. தபீதாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"உன்னயே பாத்துக்கினுதான் வந்தாளா?"

"ஆமா அத்த. கண்ண எடுக்கல."

"அப்ப நான் இத்தினி வருஷமா உன்கிட்ட கேட்ட மன்னிப்ப அவகிட்டல்ல கேட்டிருக்கணும்."

திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். கரண்டியை எடுத்து அடித்திருந்தால் காலில் விழுந்திருப்பார். அவள் உலையை இறக்கி வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

ஜெபத்துக்கு மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். பாட்டு முடிந்து, வசனம் வாசித்து முடிந்து, தபீதாள் வழக்கம்போல எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எம் பொண்ணு சொன்ன பேச்சக் கேட்டவ. நான் உங்களுக்கெல்லாம் அவளப் பத்தித் தப்பா சொல்லிக்கினு வந்தேன். கர்த்தர் என்ன மன்னிக்கட்டும். அவளும் மன்னிக்கட்டும்."

யார் சொன்ன பேச்சு என்று அவள் சொல்லவில்லை. முன்வரிசையில் இருந்தவர் பக்கம் திரும்பவும் இல்லை. அவரும் எழுந்து நிற்கவில்லை.

எல்லோரும் போன பிறகு அவள் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். 'ஞா' மட்டும் எழுதியிருந்தது.

"முழுசா எழுதிடுங்க. ஞானசௌந்தரி."

எழுதினார்.

"தபீதாள் மகள்."

எழுதினார். அடுத்தது என்ன என்று பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"அவ்ளோதான் மாஸ்டர்" என்றாள் தபீதாள். காகிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "கடைசி பஸ்ஸுக்கு நேரமாவுது. சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க."