சாம்சன் ஓட்டிய செயற்கைக்கோள்

சாம்சனின் அப்பாவும் அம்மாவும் ஊத்துக்கோட்டைப் பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். சாம்சன் லாரி ஓட்டப் போய்விட்டார். வள்ளூரில் அனல்மின் நிலையம் கட்டியபோது கம்பி ஏற்றினார். பிறகு டிரான்ஸ்பார்மர், பாய்லர் போன்ற பெரிய சாமான்களைக் கொண்டுபோகும் டிரெய்லருக்கு மாறினார். பதினைந்து வருஷத்தில் அவர் ஏற்றிப்போன எதிலும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

இந்தப் பெருமையில் அவர் மனைவி ஏஞ்சலுக்கு மட்டும் ஒரு வருத்தம். "டிரான்ஸ்பார்மர்னா பூ மாதிரி ஏத்தினு போவாரு. என்னை பைக்ல ஏத்தினா பள்ளமே கண்ணுக்குத் தெரியாது" என்று தங்கள் ஊரான தேர்வாய் கண்டிகை முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

போன வருஷம் ஐப்பசியில், பெங்களூரிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஒரு தகவல் தொடர்பு செயற்கைக்கோளைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. வழக்கமாக ஓட்டுபவருக்கு டெங்கு. கம்பெனி சாம்சனை அனுப்பியது.

செயற்கைக்கோளை வைத்திருந்த வெள்ளைப் பெட்டி ஒரு சின்ன வீடு உயரம் இருந்தது. கூடவே நந்தினி என்ற இளம் இன்ஜினியர் வந்தார். திருவள்ளூர்ப் பக்கம் நெல் விவசாயம் செய்யும் குடும்பத்துப் பெண். எடுத்த எடுப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிட்டார்.

"அண்ணா, பெட்டிக்குள்ள ஒரு கருவி இருக்கு. ஒவ்வொரு குலுக்கலையும் எழுதி வைக்கும். அளவுக்கு மேல குலுங்கினா இது திரும்ப பெங்களூருக்குத்தான். மறுபடி எல்லா சோதனையும் செய்யணும்."

"இது மேல போய் இன்னா பண்ணும் மேடம்?"

"டவரே இல்லாத மலையில, நடுக்கடல்ல இருக்கிறவங்க கூட போன் பேசலாம்."

சாம்சன் தலையாட்டினார். அதற்குப் பிறகு இரண்டு நாள் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வேகத்தைக் குறைத்தே ஓட்டினார்.

மூன்றாம் நாள் காலை, ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஒரு சிறுபாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டார். தார் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இறங்கிப் போய்க் குதிகாலால் அழுத்தினார். அடியில் மழைத்தண்ணீர் மண்ணை அரித்திருந்தது, தார் அமுங்கியது.

பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்தன. பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரர், "கார் எல்லாம் போய்க்கினுதானே இருக்குது, எடுய்யா வண்டிய!" என்றார்.

"கார் போவும் சார். இது போவாது" என்றார் சாம்சன். குரல் உயரவில்லை, ஆனால் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நந்தினி அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

கொஞ்ச தூரத்தில் கால்வாய் வேலை நடந்த இடத்தில் தடித்த இரும்புத் தகடுகள் கிடந்தன. மேஸ்திரி கொடுக்கச் சம்மதித்தார். தூக்க ஆள் வேண்டுமே? பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கினார்கள். பக்கத்து வயலுக்குச் சொந்தக்காரரான மணியம்மாள், வரப்பை அடைக்க வைத்திருந்த மணல் மூட்டைகளைக் காட்டி, "எடுத்துக்க நைனா" என்றார். பிறகு பெட்டியை அண்ணாந்து பார்த்தார்.

"உள்ள இன்னா கீது? சாமி சிலையா?"

"போன் டவரும்மா. வானத்துல நிக்கப் போவுது" என்றார் சாம்சன்.

"எங்க ஊட்டாண்டயும் சிக்னல் கெடைக்காது. அதயும் கொஞ்சம் பாக்கச் சொல்லு."

தாருக்கடியில் மண் அரித்திருந்த பள்ளத்தில் மூட்டைகளை அடுக்கி, தகடுகளை மேலே பரப்பினார்கள். சாம்சன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் பெடலை மிதித்தார். நந்தினி பக்கத்தில் நடந்தே வந்தார். நாற்பதடி தூரத்தைக் கடக்க அரைமணி நேரம். கடைசிச் சக்கரம் தார்மேல் ஏறியதும் பஸ்ஸில் வந்தவர்கள் கை தட்டினார்கள். சாம்சனின் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

ஸ்ரீஹரிகோட்டாவில் கருவியைத் திறந்து பார்த்த நந்தினி ஓடிவந்தார். "அண்ணா, குலுக்கல் இவ்வளவு கம்மியா நான் எந்தப் பயணத்திலயும் பார்த்ததில்ல!" சாம்சன் வெட்கத்தோடு சிரித்து, டீ எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

மாசி மாதம் ஏவுதல். நந்தினி இரண்டு பாஸ் அனுப்பியிருந்தார். பார்வையாளர் மாடத்தில் ஏஞ்சலும் சாம்சனும் நின்றார்கள். ராக்கெட் நெருப்போடு கிளம்பியதும் கூட்டம் கத்தியது. கொஞ்சம் தாமதமாக வந்த சத்தம் நெஞ்சையே உலுக்கியது. எல்லாரும் குதிக்க, சாம்சன் மட்டும் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு அலறினார்:

"யோவ்! இன்னாய்யா இந்த உலுக்கு உலுக்கறான்? உள்ள ஐட்டம் கீதுய்யா!"

ஏஞ்சல் சிரித்துச் சிரித்து அவர் தோளிலேயே சாய்ந்துவிட்டார். அப்புறம் நிமிர்ந்து பார்த்தால், கணவரின் கண் கலங்கியிருந்தது. சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அரைமணி நேரம் கழித்து நந்தினி போன் செய்தார். "ராக்கெட்லேர்ந்து பிரிஞ்சிடுச்சுண்ணா. சிக்னல் வந்துடுச்சு. நல்லா இருக்கு."

"நெஜமாவா? எல்லாம் சரியா கீதா?"

"எல்லாம் சரியா இருக்கு."

காலையிலிருந்து சாம்சன் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஏஞ்சலுக்குத் தெரிந்தது. சூலூர்ப்பேட்டை பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு கடையில் உட்கார்ந்தார்கள். ஏஞ்சல் ஒரு செட் பூரியோடு நிறுத்திக்கொண்டார். சாம்சன் மூன்று செட் சாப்பிட்டார்.