ஆவணியில் குகைக்குப் போனோம்

முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் புவியியல் நடத்தியவன் நான். கூரையிலிருந்து தொங்குவது கல்விழுது, தரையிலிருந்து வளர்வது கல்முளை என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் சுண்ணாம்புக் குகையின் படம் போட்டிருக்கிறேன். ஒரு குகையைக்கூட நேரில் பார்த்ததில்லை. திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த ஒரு நாள், பிள்ளைகள் பல்வரிசை மாதிரி வரைந்து வைத்திருந்ததை என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இத நீங்க பாத்திருக்கீங்களா?"

இல்லை என்றேன். "பாக்காமயே மார்க் போடுறீங்க" என்று சிரித்தாள். பிறகு, "ஒரு நாள் எனக்கும் காட்டுங்க" என்றாள்.

அந்த ஒரு நாளை இருபது ஆண்டுகளுக்கு மேல் தள்ளிப்போட்டேன். அவள் முழங்கால் தேய்ந்து, இன்னும் ஓர் ஆண்டில் படியேறுவதையே விட்டுவிட வேண்டியிருக்கும் என்று சிதம்பரத்து எலும்பு மருத்துவர் சொன்ன பிறகுதான் எனக்கு அவசரம் வந்தது. சத்தீஸ்கரில், மலைக்காட்டுக்குள் ஆழமான பள்ளத்தாக்கும் குகைகளும் இருக்கும் ஒரு தேசியப் பூங்காவைத் தேர்ந்தெடுத்தேன்.

மாதத்தைத் தேர்ந்தெடுத்ததும் நானேதான். கடலூர்க்காரனுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. எப்போது புயல் வரும், எப்போது ரயில் நிற்கும் என்று சொல்ல முடியாத அந்த மாதங்களில் தூரப் பயணம் வைத்துக்கொள்ள மாட்டோம். ஆவணி எங்களுக்கு வெறும் புழுக்கம். ஆகவே ஆவணிக்கு டிக்கெட் எடுத்தேன். "அங்க மழ எப்பங்க?" என்று அவள் கேட்டாள். "எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்றேன். தென்மேற்குப் பருவக்காற்று எந்த மாதங்களில் எந்த நிலத்தை நனைக்கும் என்று வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டிய கை இது. டிக்கெட் எடுத்தபோது பாடம் நினைவுக்கு வரவில்லை. என் ஊர் மழை மட்டுமே நினைவில் இருந்தது.

துணைக்கு அவள் தம்பி வந்தான். சிப்காட்டில் ஷிப்ட் வேலை. கெஞ்சி விடுப்பு வாங்கியிருந்தான். விசாகப்பட்டினத்திலிருந்து மலையேறும் ரயிலில் ஜன்னலைத் திறக்க முடியாதபடி சாரல் அடித்தது. மச்சான் என் முகத்தைப் பார்த்தான். மலை என்றால் சாரல் இருக்கத்தானே செய்யும் என்றேன்.

மறுநாள் காலை குகைக்குப் போகும் பாதையில் தடுப்புக் கட்டை இறங்கியிருந்தது. பக்கத்தில் இந்தியில் ஒரு பலகை. எனக்கு இந்தி தெரியாது. அவள் கல்யாணத்துக்கு முன் புவனகிரியில் இந்தி படித்து இரண்டு பரீட்சை எழுதியவள். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள்.

"மழக்காலத்துல குகைய மூடிடுவாங்கன்னு போட்டிருக்கு."

"ஒன் ரெண்டு பரீட்ச இந்திய வச்சிக்கிட்டு நீ ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா இரு."

இப்படித்தான் சொன்னேன். அவள் தம்பி எதிரில், வாடகைக் கார் ஓட்டுநர் எதிரில் சொன்னேன். பிறகு வனக்காவலரிடம் போய் ஆங்கிலத்தில் கத்தினேன். அவர் கோபப்படவில்லை. இடுப்பு, கழுத்து, தலைக்கு மேல் என்று கையால் உயரம் காட்டி, குகைக்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று புரியவைத்தார். மழை முடிந்து நீர் வடிந்தால்தான் திறப்பார்களாம். ஒவ்வோர் ஆண்டும் இப்படித்தானாம்.

அவள் படித்தது சரி. அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. முன்கூட்டியே விசாரித்திருக்க வேண்டாமா என்று மச்சான் மேல் பாய்ந்தேன். அவன் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மழயப் பத்தி பாடம் எடுத்தது நானா, நீங்களா மாமா?" என்றான். ஓட்டுநருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தார்.

மிச்சம் இருந்தது பள்ளத்தாக்கு. அதன் விளிம்பில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றோம். கீழே ஒரே வெள்ளையாக மேகம் அடைத்திருந்தது. மரம் தெரியவில்லை, பாறை தெரியவில்லை, எங்கோ தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் கணுக்காலில் அட்டை ஏறியிருந்தது. ஓட்டுநர் கொடுத்த உப்பைத் தடவி மச்சான் அதை எடுத்துப் போட்டான். நான் குனிந்து செய்திருக்க வேண்டிய வேலை. மேகம் விலகுகிறதா என்று பார்ப்பவனைப் போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மருத்துவர் சொன்ன ஓர் ஆண்டுகூடக் கிடைக்கவில்லை. கார்த்திகையில் அவளால் எங்கள் வீட்டு மாடிப்படியே ஏற முடியாமல் போயிற்று. அந்த வாரம்தான் மச்சான், குகை திறந்துவிட்டது என்று யாரோ எடுத்த வீடியோவைப் போனில் கொண்டுவந்தான். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். தொங்குவது எது என்று கேட்டாள். கல்விழுது என்றேன். தரையிலிருந்து வருவது? கல்முளை என்றேன். கடைசிவரை பார்த்துவிட்டுப் போனைத் தம்பியிடம் நீட்டினாள்.

"இப்ப நானும் உங்களாட்டந்தான். பாக்காமயே தெரியும்."

"தப்பு என்னுது" என்றேன். மூன்று மாதம் கழித்து, மச்சான் எதிரிலேயே சொன்னேன். "அன்னிக்கு நீ சரியாத்தான் படிச்ச."

அவள் கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது, எங்கள் ஊர் மழை, அதற்குரிய மாதத்தில். "மாடில துணி கெடக்கு" என்றாள். நான் படியேறினேன்.