பெரிய ஹாலில் இரண்டு அடுப்பு

போன மாதம் ஆபீசில் ஒரு பழைய கட்டடத்தை அளந்து படம் வரையும் வேலை என் மேசைக்கு வந்தது. மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்னால் காயலைப் பார்த்து நிற்கும் இரண்டு மாடிக் கட்டடம். அதை லாட்ஜ் ஆக்கப் போகிறார்கள். மாடி ஹாலில் டேப்பைப் பிரிக்கும் முன்பே நான் நீளத்தைச் சொல்லிவிட்டேன். கூட வந்த ஓவர்சியர் அளந்து பார்த்தார். அரை அடிதான் வித்தியாசம். பிறந்ததிலிருந்து பத்து வயது வரை அந்தத் தரையில்தான் பாய் விரித்துப் படுத்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

எங்கள் காலத்தில் அதற்கு ஏழுவாசல் பங்களா என்று பெயர். உண்மையில் வாசல் ஒன்பது. எதையும் எண்ணி நோட்டில் எழுதிவைப்பது அப்போதே என் பழக்கம். படிகள் எத்தனை, ஜன்னல்கள் எத்தனை, அவற்றில் வண்ணக் கண்ணாடி மிச்சமிருப்பவை எத்தனை, எல்லாம் அதில் இருந்தன. பள்ளியில் சொல்லித்தந்தது மலையாளம் என்பதால் நோட்டு முழுக்க மலையாளம்தான். அம்மாவும் பெரியம்மாவும் தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். மலையாளத்தில் பஸ் போர்டுகூட அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அம்மா அந்த நோட்டை எடுத்து நீட்டுவாள். வந்தவர்கள் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு என் தலையைத் தடவிக்கொடுப்பார்கள்.

நோட்டிலேயே பெரிய பட்டியல் பங்களாவின் சரித்திரம். அக்கம்பக்கத்தில் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது. முதலில் ஒரு மிளகு வியாபாரி கட்டினார்; கீழே மிளகு, மேலே குடும்பம். பிறகு கப்பல் கம்பெனி ஆபீஸ். யுத்த காலத்தில் பட்டாளம். அப்புறம் அரிசிக் கிடங்கு. நடுவில் கொஞ்ச நாள் தையல் பள்ளி. கடைசியில் பிழைக்க வந்த நாங்கள், அறைக்கு ஒரு குடும்பம். மாடி ஹால் மட்டும் பெரியது என்பதால் நடுவில் சாக்குத் திரை கட்டி, இந்தப் பக்கம் நாங்கள் ஐந்து பேர், அந்தப் பக்கம் பெரியப்பா வீட்டார் ஐந்து பேர். பெரியப்பா பஜாரில் மூட்டை தூக்கினார். அப்பாவுக்கு முனிசிபாலிட்டியில் தெருக்குழாய்களைத் திறந்து மூடும் வேலை. மிளகு வியாபாரி விளக்கு தொங்கவிட்ட கொக்கியில் எங்கள் துணிக்கொடியின் ஒரு முனை கட்டியிருந்தது.

அடுப்பு ஒன்றுதான். அம்மாவும் பெரியம்மாவும் சேர்ந்தே சமைத்தார்கள். பெரியம்மா புளியும் மிளகாயும் சேர்த்தால் நாக்கு சப்புக்கொட்டும். உப்பு மட்டும் அவளுக்கு ஒருநாளும் சரியாக வந்ததில்லை. அதனால் உப்பு அம்மாவின் பொறுப்பு. அம்மா ருசிகூடப் பார்க்க மாட்டாள். ஜாடிக்குள் கைவிட்டு அள்ளிப் போடுவாள், அவ்வளவுதான், சரியாக இருக்கும்.

எனக்குப் பத்து வயதானபோது பங்களா விலைபோனது. காலி செய்கிறவர்களுக்கு இடக்கொச்சியில் வரிசை வீடு கட்டித் தருவதாகப் பேச்சு: குடும்பத்துக்கு ஓர் அறை. எது குடும்பம் என்பதற்கு அடுப்புதான் அத்தாட்சி. எத்தனை அடுப்பு எரிகிறதோ அத்தனை அறை. எண்ண வருகிறவர் பழைய முதலாளியின் காரியஸ்தர். ஒரே அடுப்பு என்று அவர் எழுதிவிட்டால், பத்து பேரும் ஓர் அறைக்குள் எப்படிப் படுப்பது?

அவர் வருவதற்கு முந்தின நாள் பால்கனியிலிருந்து மூன்று செங்கல் உள்ளே வந்தது. புது அடுப்பின் பின்சுவர் வெள்ளையாக இருந்தால் குட்டு உடைந்துவிடும் என்று பெரியம்மாவின் மூத்த மகள் அதில் கரியைக் குழைத்துப் பூசினாள்.

"ஏட்டி, நாளைக்கு நீயும் நானும் சண்டைக்காரிங்க, கேட்டியா? சிரிச்சுத் தொலைச்சிராத" என்றாள் பெரியம்மா.

"சண்டை போட எனக்கென்னக்கா கசக்குதா? பத்து வருசமா ஆசைதான்" என்றாள் அம்மா.

பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவர் கேட்டா ரெண்டு அடுப்புன்னு சொல்லணும்."

"ஒண்ணுதானே இருக்கு?"

"நாளைக்கு ரெண்டு இருக்கும்லா?"

அது சரிதான் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

காரியஸ்தர் உச்சிவெயிலில் வந்தார். வெள்ளை முண்டு, கக்கத்தில் குடை, காதோரம் நரை. இரண்டு அடுப்பையும் பார்த்தார். இரண்டிலும் மத்திக் கறி கொதித்துக்கொண்டிருந்தது. கரி பூசிய சுவரை விரலால் தொட்டு, விரலை முண்டில் துடைக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று பக்கத்துச் சுவரில் துடைத்தார். சாப்பாட்டு நேரத்தில் வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா? இரண்டு குடும்பம் என்றாகிவிட்டதால் இரண்டு பேருமே கூப்பிட வேண்டியதாயிற்று. ஒரே இலையில் சோறு வைத்து, ஒரு பக்கம் பெரியம்மாவும் மறுபக்கம் அம்மாவும் கறி ஊற்றினார்கள்.

பெரியம்மாவின் கறியைத் தொட்டு ஒரு வாய் வைத்தார். நிறுத்தினார். அம்மாவின் கறியைத் தொட்டு ஒரு வாய் வைத்தார். மறுபடியும் நிறுத்தினார். பிறகு இரண்டையும் ஒன்றாக இழுத்துப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினார்.

"அதில உப்பில்ல. இதில புளியில்ல. ரெண்டும் கூட்டினப்போ கறி ஆச்சு."

பெரியம்மா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். பழக்கதோஷம். அவள் போட்டிருப்பாள் என்று இவளும், இவள் போட்டிருப்பாள் என்று அவளும் விட்டிருக்கிறார்கள். பேச்சை மாற்ற அம்மாவுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அவர் கை கழுவி வருவதற்குள் அலமாரியிலிருந்து என் நோட்டை எடுத்துவந்து நீட்டிவிட்டாள்.

"மக எழுதினது, சாரே. இந்தப் பங்களா பத்தி எல்லாம் இதில இருக்கு."

அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். நோட்டை உண்மையிலேயே படித்த முதல் ஆள் அவர்தான். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"பட்டாளம் இல்ல மோளே, பட்டாளத்து ஆஸ்பத்திரி. இந்த ஹால்லதான் கட்டில் போட்டிருந்தது." அடித்து எழுதினார். "தையல் இல்ல, டைப்ரைட்டிங் படிப்பிச்சது." அதையும் அடித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சரித்திரம் சரியாகிக்கொண்டு வருகிறதே!

அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டியபோதுதான் அங்கே என்ன எழுதியிருந்தேன் என்பது ஞாபகம் வந்தது.

மாடி ஹால்.
ஆட்கள்: 10.
திரை: 1.
அடுப்பு: 1.
உப்பு: அம்மா.
புளி: பெரியம்மா.

அம்மா பக்கத்திலேயே நின்று பூரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் இருப்பது என்ன என்று அறிந்தவர்கள் ஹாலில் இரண்டே பேர். அவர் வெகுநேரம் படித்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இதிலயும் ஒரு தெத்து உண்டு" என்றபடி அடுப்புக்கு எதிரே இருந்த ஒன்றை அடித்து இரண்டு என்று எழுதினார். தன் புத்தகத்திலும் எதையோ குறித்துக்கொண்டு மூடினார்.

"சின்னப் புள்ளைல்லா சாரே, தெத்திருக்கும். திருத்தினீங்களே, அதுவே நல்லது" என்றாள் அம்மா.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. பட்டாளமும் தையலும் மற்றவர்கள் சொன்னவை. அவை தப்பாக இருக்கலாம். அடுப்பை எண்ணியது நான். நோட்டிலேயே சந்தேகமில்லாத வரி அதுதான். படியிறங்கி ஓடி வாசலில் அவரைப் பிடித்தேன்.

"சாரே, கடைசியா திருத்தினது தெத்து இல்ல. போன ஞாயிற்றுக்கிழமை ஒண்ணுதான் இருந்தது."

அவர் குடையை விரித்தார். "எனக்கு இந்தச் செவி கேக்காது மோளே" என்று சொல்லிவிட்டு நடந்தார். மறுபக்கத்துச் செவிக்காகச் சுற்றி வருவதற்குள் அவர் தெரு திரும்பிவிட்டார்.

மழைக்கு முன் இடக்கொச்சிக்கு மாறினோம். எங்களுக்கு இரண்டு அறை கிடைத்தது. சீட்டுக் குலுக்கியதில் எங்களுடையது வரிசையின் இந்தக் கோடியிலும் பெரியப்பாவுடையது அந்தக் கோடியிலும் விழுந்தது. நடுவில் எட்டுக் கதவுகள். முதல் நாள் ஆளாளுக்குக் கால் நீட்டிப் படுத்துப் பார்த்தோம். பெரியம்மா கொஞ்ச நாள் கறியைக் கிண்ணத்தில் கொடுத்தனுப்பி உப்பு பார்க்கச் சொன்னாள். மழை வலுத்ததும் கிண்ணம் வருவது நின்றது.

புது வீட்டில் அம்மாவின் கறி உப்பாக இருந்தது. ஒருநாள் இருநாள் இல்லை, மாதக்கணக்கில். ஐந்து பேருக்கான சின்னச் சட்டியிலும் அம்மா எப்போதும்போல ஜாடிக்குள் கைவிட்டு அள்ளித்தான் போட்டாள். அப்பா சோற்றில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். தம்பி முகத்தைச் சுளித்தால் அம்மா வெடுக்கென்று எழுந்து பின்வாசலுக்குப் போவாள். அங்கிருந்து பார்த்தால் அந்தக் கோடியில் புகை தெரியும்.

ஒரு நாள் உட்கார்ந்து யோசித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். நோட்டில் புதுப்பக்கம் தொடங்கி எழுதினேன்: இடக்கொச்சி உப்பு மட்டாஞ்சேரி உப்பைவிடக் கரிப்பு அதிகம்.

அதை யாரும் திருத்தவில்லை.