பதினேழாவது கணக்கின் விடை

எங்கள் அக்காவுக்கு ஒரு வீம்பு உண்டு. அச்சகத்தில் கணக்குப் புத்தகங்களுக்குப் புரூஃப் பார்ப்பது அவள் வேலை. ஆனால் புரூஃப் கைக்கு வந்ததுமே விடைப்பக்கங்களைக் குண்டூசியால் குத்தி மூடிவிடுவாள். பரீட்சை எழுதுகிறவள் மாதிரி எல்லாக் கணக்கையும் வீணான தாள்களின் பின்பக்கத்தில் தானே போட்டு முடித்த பிறகுதான் ஊசியை எடுப்பாள். அதே அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிற தம்பி நான். அச்சிட்ட விடையைக் கணக்கில் போட்டுப் பார், பொருந்தினால் டிக் அடித்துவிட்டுப் போ என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அன்று அவசரம். அவள் பார்த்து முடிக்குமுன்பே அல்ஜீப்ரா புத்தகத்துக்கு அச்சுப் பிளேட் போட்டுவிட்டார்கள். நான் அதை மிஷினில் மாட்டிக்கொண்டிருந்தபோது அக்கா ஓடிவந்தாள்.

"நிறுத்துடா. பதினேழாவது கணக்குக்கு விடை ஒண்ணு மட்டும் இல்ல. முடிவே இல்லாம போகுது."

புதையல் கிடைத்தவள் மாதிரி அவள் முகம் இருந்தது. நானோ மாட்டுவதை நிறுத்திவிட்டு மேனேஜர் அறைப் பக்கம் பார்த்தேன்.

கணக்கு இதுதான். அம்மாவின் வயது மகளின் வயதைவிட 24 அதிகம். ஆறு ஆண்டுகள் கழித்து அம்மா வயதின் இரு மடங்கு, மகள் வயதின் இரு மடங்கைவிட 48 அதிகமாக இருக்கும். இருவருக்கும் இப்போது என்ன வயது? விடைப்பக்கத்தில் 36, 12 என்று இருந்தது. அக்கா மூன்று தடவை போட்டிருக்கிறாள். மூன்று தடவையும் x, y எல்லாம் அடிபட்டுப் போய், பூஜ்யம் சமம் பூஜ்யம் என்று நின்றது. இரண்டாவது வாக்கியம் புதிதாக எதையும் சொல்லவில்லை, முதல் வாக்கியமே வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்றாள்.

வேலை நின்றதும் மேனேஜர் வந்துவிட்டார். இருபது வருஷமாகப் புத்தகம் எழுதுகிற வாத்தியாருக்கு இவள் பாடம் எடுக்கிறாளா என்று அவருக்குக் கோபம். வாத்தியாரை உடனே வரச்சொல்லிப் போன் போட்டார். பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "அவர் போட்டது சரின்னா, நாளைலேருந்து நீங்க வர வேண்டாம்."

அந்த வேலையை நம்பித்தான் அக்காவும் அவள் மகளும் இருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்டுவிடு என்று கண்ணைக் காட்டினேன். அவள் பார்த்தால்தானே.

வாத்தியார் வந்து தன் விடையைப் போட்டுப் பார்த்தார். அம்மாவுக்கு ஆறு கூட்டி 42, இரு மடங்கு 84. மகளுக்கு 18, இரு மடங்கு 36, அதோடு 48 சேர்த்தால் 84. அச்சு அசலாகப் பொருந்தியது. மிஷினைப் போடச் சொல்லி மேனேஜர் எனக்குக் கை காட்டினார்.

"பொருந்தும் சார், நான் இல்லன்னு சொல்லல," என்றாள் அக்கா. போச்சுடா என்று நினைத்தேன். அவளோ இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று நிதானமாகக் கேட்டாள்.

விடையை முதலில் வைத்துக்கொண்டு, அதற்கேற்ற வாக்கியங்களைப் பிறகு எழுதுவதுதான் தன் வழக்கம் என்றார் வாத்தியார். இதை எழுதியபோது அவர் மகளுக்குப் பன்னிரண்டு வயது, மனைவிக்கு முப்பத்தாறு.

"இப்ப பாப்பாவுக்கு என்ன வயசு?"

"பதிமூணு."

"அப்ப அம்மாவுக்கு முப்பத்தேழு. அதையும் போட்டுப் பாருங்க சார்."

போட்டார். இந்தப் பக்கம் 86, அந்தப் பக்கமும் 86. அவர் பேனா நின்றது. பிறகு யாரும் சொல்லாமலே அடுத்த வருஷத்து வயதைப் போட்டார்: 88, 88. அக்கா தன் நாற்பத்தொன்றையும் மகளின் பதினேழையும் கொடுத்தாள்: 94, 94. வாத்தியார் காகிதப் பண்டல் மேலேயே உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். மகள் பிறந்த நாளிலிருந்தே இந்தக் கணக்கு தன் வீட்டில் சரியாகத்தான் இருந்திருக்கிறது, தனக்குத்தான் தெரியவில்லை என்றார்.

"கணக்க எடுத்துடாதீங்க," என்றார் மேனேஜரிடம். "விடைய மட்டும் மாத்துங்க."

மதியம் புதுப் பிளேட் வந்தது. முதல் தாளை நானே உருவிப் பார்த்தேன்: '17. எண்ணற்ற விடைகள். மகளின் வயது எதுவானாலும் அதோடு 24.' எனக்குப் பெருமை தாங்கவில்லை. பைண்டிங் பிரிவு வரைக்கும் போய் எல்லாருக்கும் காட்டினேன்.

மறுநாள் காலை அக்காவின் மேஜைக்கு ஜியாமெட்ரி புரூஃபை மேனேஜரே தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். விடைப்பக்கங்கள் ஏற்கெனவே குண்டூசி குத்தி மூடியிருந்தன. ஊசி கொஞ்சம் கோணலாக இருந்தது. அக்கா அதை எடுத்து நேராகக் குத்திவிட்டு முதல் கணக்கைப் போட ஆரம்பித்தாள்.