அன்னிக்கு கரண்ட் போகல

இன்னிக்கு டெல்லி துவாரகாவுல தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். சின்ன வயசுல நாங்க விளையாடின கேம் கன்சோலைத் தூசி தட்டி வச்சிருந்தா. டைனோசர் படத்தை வச்சு வந்த அந்தப் பழைய கேமைப் போட்டோம்.

பாலம் உடையற இடம் வந்ததும் சிரிச்சா.

"அச்சா, இதே இடம்தான் அண்ணா! லீவு முழுக்க விளையாடி இங்க வந்தேன். கரண்ட் போனதுல எல்லாம் அழிஞ்சுபோச்சுன்னு சொன்னியே. அதுக்கப்புறம் நான் தொடவே இல்ல."

"ம்"னு சொல்லி வச்சேன்.

கரண்ட் போகல. மெமரி கார்டுல இடமில்லன்னு, என் ஆட்டத்தை சேவ் பண்ண அவளோடதை நான்தான் அழிச்சேன்.

டெல்லியிலயே பொறந்தவ, தமிழ் படிக்க வராது. ஆனாலும் நான் எது போட்டாலும் முதல் லைக் அவளோடதுதான். இதுக்கும் போடுவா.

யாராவது அவளுக்குப் படிச்சுக் காட்டுங்களேன்.