சேற்று மிருகத்தின் பல்

பல் செட் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தாள் பல்லக்கா. ஊரில் பாதிப் பேர் சிரிப்பது தன் மனைவியின் கைவண்ணத்தால்தான் என்று அவள் கணவன் பெருமையடிப்பான். அவன் லிப்ட் பழுது பார்ப்பவன். பட்டறையில் அவள் மெழுகும் சின்னக் கத்தியுமாகக் குனிந்தே கிடப்பாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துப் பகடையை எடுத்து வைத்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவாள்.

அந்த விளையாட்டில் ஒருவர் கதை சொல்லவேண்டும். மற்றவர்கள் கதைக்குள் போர்வீரனாகவோ மந்திரவாதியாகவோ புகுந்து, அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லவேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். கணவன், பஸ் ஓட்டும் கொழுந்தன், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஓரகத்தி, இவ்வளவுதான் படை. கதை சொல்வது எப்போதும் பல்லக்காதான். வியாபாரிக்கு ஒரு குரல், சூனியக்காரிக்கு ஒரு குரல், ராட்சசனுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு குரல்.

இருந்தும் ஒரு கட்டத்தில் ஆட்டம் சப்பென்று ஆகிவிட்டது. மிருகத்தைக் கொன்றால் குகை நிறையத் தங்கக்காசு. அடுத்த மிருகத்தைக் கொன்றாலும் அதே தங்கக்காசு.

"மறுபடியும் காசா அண்ணி?" என்று கொட்டாவி விட்டான் கொழுந்தன். "என் ஆளு இப்பவே மூட்டை தூக்கற மாதிரிதான் நடக்கறான்."

அடுத்த வாரம் காட்டெருமை போலொரு ராட்சச மிருகம் செத்து விழுந்தது. பல்லக்கா சொன்னாள்: "குகையில ஒண்ணுமே இல்ல. செத்த மிருகம் மட்டும்தான் கிடக்கு. வேணும்னா அதோட கொம்பை அறுத்துக்கலாம்."

அப்புறம்தான் ஆட்டத்துக்கு உயிர் வந்தது. கதவு உயரக் கொம்பை யார் சுமப்பது என்று அண்ணனும் தம்பியும் சண்டை போட்டார்கள். நாற்றம் தாங்காமல் சத்திரக்காரன் கதவைச் சாத்தினான். ஒரு கொல்லன் அதைக் கேட்டுப் பின்னாலேயே வந்தான். மிருகத்துக்குப் பயந்து பூட்டிக் கிடந்த ஒரு ஊரோ, கொம்பைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஜன்னலைத் திறந்தது.

"இதை விக்க வேணாம்க்கா," என்றாள் ஓரகத்தி. "இந்த ஊர் எல்லையிலயே நட்டு வெச்சிடலாம். பாவம், நிம்மதியா தூங்கட்டும்."

அந்தச் சமயத்தில்தான் பல்லக்காவின் கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது.

டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார். "எடுத்துடணும். என்ன கட்டின்னு எடுத்தப்புறம்தான் தெரியும். குரல் நரம்புக்கு ரொம்ப ஒட்டி இருக்கு. குரல் கொஞ்ச நாள் போகலாம். திரும்ப வராமலும் போகலாம்."

வீட்டுக் கதவைத் திறந்ததும் பல்லக்கா, "கட்டி நல்லதா கெட்டதான்னுதானே முதல்ல பயப்படணும்? எனக்குக் குரல்மேலதான் கவலையா இருக்கு. பைத்தியமா நான்?" என்று கேட்டாள். கணவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

கட்டியை எடுத்தார்கள். பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டரே வராந்தாவுக்கு வந்து, "சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒண்ணுமில்ல," என்றார். லிப்ட் குழிக்குள் கயிற்றில் தொங்கியபடி வேலை பார்க்கும் மனுஷன், நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். பல்லக்கா அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

ஞாயிறு ஆட்டத்தைக் கொழுந்தன் நடத்திப் பார்த்தான். அவனுடைய ராட்சசன், "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காதே," என்று கண்டக்டர் போலக் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். பல்லக்காவும் சத்தமில்லாமல் சிரித்தாள். பிறகு எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வேலைக்குத் திரும்பியதும் முதலாளியிடம் சைகையில் கேட்டு, உடைந்த அச்சுகளின் ப்ளாஸ்டரை எடுத்துக்கொண்டாள். மதிய இடைவேளைகளில் செதுக்கினாள். முழங்கை நீளத்துக்கு வளைந்த ஒரு பல். வேரில் சேற்றுக் கறை, நுனியில் ஒரு உடைசல், பக்கவாட்டில் முறிந்த அம்புமுனை. ஞாயிற்றுக்கிழமை அதை மேசை நடுவில் வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தாள்.

"ஐயோ, சாப்பிடற மேசையில!" என்று பதறிய ஓரகத்திதான் முதலில் அதைக் கையில் எடுத்தாள். "சேறு ஒட்டியிருக்கே. தண்ணியில கிடக்கறதாக்கா?"

பல்லக்கா தலையாட்டினாள்.

"நுனி போயிருக்கு. கல்லைக் கடிச்சிருக்குமோ?" என்றான் கணவன்.

இல்லை என்று தலையசைத்து, அவனையே சுட்டிக் காட்டி, கேடயம் பிடிப்பதுபோல் கையை மடக்கினாள்.

"என் கேடயத்தையா கடிச்சுது!"

இப்படி வேட்டைக்கு முன்பே அதன் பரிசு வந்துவிட்டது. அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்து, மிருகம் எது, எங்கே வாழ்ந்தது, யார் அம்பு எய்தார்கள் என்று வேட்டையை அவர்களே பகடை உருட்டிக் கட்டி எழுப்பினார்கள். பல்லக்கா தலையாட்டியே நடத்திவிட்டாள். அடுத்து ஒரு செதில் வந்தது, அப்புறம் ஒரு நகம். ஞாயிற்றுக்கிழமைகளுக்கு எல்லோரும் மறுபடி காத்திருக்கத் தொடங்கினார்கள்.

ஒரு மதியம் கொழுந்தனின் வீரன் அந்தப் பல்லைச் சந்தைக்குக் கொண்டுபோனான். வியாபாரியாகக் கணவன் பேசினான்.

"ஒரு குதிரை தர்றேன். கொஞ்சம் நொண்டும்."

"பரவால்ல, குடுங்க. எனக்குத் தோள் வலிக்குது."

"டேய், விக்காதேடா அதை!"

துருப்பிடித்த கேட்டைத் திறந்தது போலிருந்தது அந்தச் சத்தம். மூவரும் சட்டெனத் திரும்பினார்கள். பல்லக்கா தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அக்கா... நீங்களா?"

"நான்தான்," என்றாள். மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். "நான்தான்."

"திட்டுங்க அண்ணி," என்றான் கொழுந்தன் கண்ணைத் துடைத்தபடி. "இன்னும் நாலு திட்டு திட்டுங்க." அவள் திட்டவில்லை, சிரித்தாள். இந்த முறை சிரிப்பு அடுத்த அறைவரை கேட்டது.

குரல் முழுதாகத் தேறச் சில மாதம் பிடித்தது. பழைய மெல்லிய குரல் போய்ச் சற்றுக் கட்டையாகத்தான் நின்றது. ஒருநாள் பட்டறையில் போன் அடித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எழுவதற்குள் அவளே எடுத்தாள். மறுமுனையில் வழக்கமாக வேலை கொடுக்கும் பல் டாக்டர்.

"யாரும்மா பேசறது? புதுசா சேர்ந்திருக்கீங்களா?"

"இல்ல சார், பழைய ஆளுதான்," என்றாள் பல்லக்கா. "சொல்லுங்க, மேல் வரிசையா, கீழ் வரிசையா?"